ஆறாவது தட்டு

எங்கள் தின்கன்ஜூன் தெருவில் டோ மியா என்ற பர்மியப் பெண்மணி, கப்பலில் வேலை பார்த்த தன் கணவர் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த முகமூடிகளையும் எலும்புக்கூட்டுப் பொம்மைகளையும் முன்னறையில் வைத்து இலவசமாகக் காட்டுகிறார். நேற்றுத்தான் உள்ளே போனேன். செண்டுப்பூ வாசனை. அந்த நாட்டு வழக்கப்படி, இறந்தவர்களின் படங்களுக்கு முன்னால் சோற்றுத் தட்டுகள். எங்கள் வீட்டின் ஆறாவது தட்டு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. வார்டு ஆபீஸில் இருந்த எங்கள் குடும்பப் பட்டியலில் ஐந்து பேர்; வேறு யார் தங்கினாலும் அங்கே பதிய வேண்டும். அப்படிப் பதியாமல் ஒளிந்து தங்கியிருந்த தாய்மாமாவோடு ஆறு தட்டு. ஒரு சாயங்காலம் சோறு போட்டு முடித்தபோது, ஆபீஸ்காரர் ஆள்கணக்குப் பார்க்கப் படியேறி வரும் சத்தம் கேட்டது. மாமா பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா சுவரிலிருந்த மாமாவின் படத்தைக் கழற்றி அவர் தட்டுக்கு முன்னால் சாய்த்து, சாமிக்கு வைத்த செண்டுப்பூவை அதன்மேல் போட்டாள்.

"ஆறாவது தட்டு யாருக்கு?"

"செத்துப்போன என் தம்பிக்குங்க. இன்னைக்குப் படையல்," என்றாள் அம்மா. குரல் நடுங்கவில்லை. விரல்கள் மட்டும் என் தோளை இறுக்கின.

அவர் படத்துக்குத் தலை குனிந்துவிட்டுப் போனார். வெளியே வந்த மாமா அந்தச் சோற்றைத் தொடவில்லை. விடியுமுன் கிளம்பியவர் திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு அம்மா கடைசிவரை அந்தப் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

"உங்க வீட்டுல செத்துப்போனவங்க படம் இருந்தா இங்க வைங்க," என்றார் டோ மியா.

கைப்பையில் ஒரே ஒரு படம் இருந்தது. படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து கியாக்தான் ஊரில் ஒளித்து வைத்திருக்கும் என் மகனுடையது. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் இல்லீங்க."