அரக்கனுக்குக் கால் வலிக்காதா?

ஞாயிறு மதியம் வேங்கிக்காலில் என் வீட்டில், நண்பர்கள் மூவருடன் ஒரு கதை விளையாட்டு நடக்கும். கதையை நான் நடத்துவேன். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகவே மாறிப் பேச வேண்டும். சண்டை வந்தால் பகடை முடிவு சொல்லும். ஆனால் ஒருத்தராவது பேசினால்தானே! யார் எதிரே வந்தாலும் "வெட்டுறேன்" என்று பகடையை உருட்டிவிடுவார்கள். "வாயத் திறந்து பேசுங்களேன்பா!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அன்று, குகை வாசலில் நூறு வருடமாகக் காவல் நிற்கும் ஓர் அரக்கனைக் கொண்டுவந்தேன். கலாவின் முறை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருப்பவள். எடுத்த பகடையைக் கீழே வைத்துவிட்டு அரக்கனிடம் பேசினாள்.

"நூறு வருஷமா நிக்கிறீங்களே, கால் வலிக்கலீங்களா? கொஞ்சம் ஒக்காருங்க. எதனா சாப்டீங்களா?"

நான் நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கத்துக்குச் சண்டைதான் எழுதி வைத்திருந்தேன்.

"அதெல்லாம் கதையில இல்ல கலா. உருட்டு."

உருட்டினாள். அரக்கன் செத்தான். யாரும் கை தட்டவில்லை. அதற்குப் பிறகு கலாவும் "வெட்டுறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பேசுங்கள் என்று மாதக்கணக்கில் உயிரை வாங்கியவன் நான். பேசியவளின் வாயை அடைத்தவனும் நானேதான். என் மேலேயே எனக்கு அப்படியொரு எரிச்சல்.

அடுத்த ஞாயிறு அதே வாசலில் அரக்கனை மறுபடி நிறுத்தினேன்.

"இவன்தான் செத்துட்டானே?" என்றார்கள்.

"தப்பு என்னுது" என்றேன். பிறகு கலாவைப் பார்த்து, அரக்கனின் குரலில் சொன்னேன்: "இன்னும் சாப்புடலம்மா."

அவள் பகடையைத் தள்ளி வைத்தாள்.

"மொதல்ல ஒக்காருங்க."