ராகு காலத்தில் தரையிறங்கும் விமானம்

பிரிக்பீல்ட்ஸில் டிக்கெட் போடும் கடையில் வேலை பார்த்தவரை நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி, "திருச்சிக்கு எவ்ளோ நேரம்?" நாலு மணி நேரம் என்பேன். யாரும் நம்ப மாட்டார்கள். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இந்தியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஆறரை மணி நேரம் என்று தோன்றும். "வர்றப்ப மட்டும் பைலட் ஏன் மெதுவா உருட்டுறாரு?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

ஜெஞ்சாரோமிலிருந்து வரும் சரோஜா அக்கா இவர்களையெல்லாம் மிஞ்சியவர். திருச்சியில் அவர் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா, நாத்தனார் முடிச்சு அவர்தான் போட வேண்டும். சனிக்கிழமை காலை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் மட்டுமே இடம் இருந்தது. அக்கா டிக்கெட்டைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

"தங்கச்சி, மேல பறக்கறப்ப நம்ம ஊரு ராகு காலம். எறங்கறப்ப அவங்க ஊரு ராகு காலம். ஒரே பிளைட்டுல ரெண்டா? வேணாம் லா!"

"அக்கா, இத விட்டா வேற சீட்டே இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழி கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் பயணப் பையை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போன் அலறியது.

"தங்கச்சி, பை போச்சு! பக்கத்து வீட்டு மணியம் அண்ணேகிட்ட குடுத்தேன். பிள்ளைங்க நோண்டும்னு லோரியில வச்சாராம். இப்ப லோரியோட ரவாங்குக்குப் போயிட்டாரு!"

"பையில என்னக்கா இருக்கு?"

"ஒரு சேலை. அப்புறம் பாஸ்போர்ட்."

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. "பாஸ்போர்ட்ட ஏங்கா அதுல வச்சீங்க?"

"பாஸ்போர்ட் போகாம என்ன பயணம்?"

"சரி, அண்ணேக்குப் போன் போட்டீங்களா?"

அக்காவின் குரல் இறங்கியது. "இல்லியே. ஒனக்குத்தான் மொத போட்டேன்."

உடனே போன் போட்டார். நல்ல வேளை, மணியம் அண்ணன் வழியிலிருக்கும் கிள்ளானையே தாண்டவில்லை. ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு, சரக்கோடு லோரியைத் திருப்பி ஏர்போர்ட்டுக்கே ஓட்டினார். கவுன்ட்டர் மூடும் நேரத்தில் அக்கா பையோடு போய் நின்றார். "ஏறிட்டேன்" என்று மெசேஜ் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிச்சுப் போடும் படத்தை மறுநாளே அனுப்பினார். ஊர் திரும்பியதும் லட்டோடு கடைக்கு வந்தார்.

"எல்லாம் நல்லா நடந்துச்சு. ஆனா வர்றப்ப ஆறரை மணி நேரம் ஆச்சு. நீ என்னமோ நாலுன்ன!"

கடிகாரத்தைக் காட்டி மறுபடி விளக்கினேன். லட்டு தீர்ந்ததே தவிர, அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து யார் எவ்வளவு நேரம் என்று கேட்டாலும் நாலு மணி நேரம் என்று உடனே சொன்னதில்லை. முதலில் நான் ஒன்று கேட்பேன்: "பாஸ்போர்ட் இப்ப யார் வீட்டுல இருக்கு?"