கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டில்

புளோறன்ஸைப் பற்றிக் கதை வரும்போது யாராவது “பாவம், பஸ்ஸால விழுந்து கால் போச்சு” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸால் விழுந்ததில் எலும்புதான் முறிந்தது. கால் போனது வீட்டில். அதை நேரில் பார்த்தவள் நான்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில், நாலாம் மாடியில், என் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவளுடையது. தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கிடைத்த வீடு. தாய் தகப்பன் போன பிறகு அவளும், தம்பி சூசைதாசனும், தம்பி மனைவி றஞ்சிதமும் அதில் இருந்தார்கள். புளோறன்ஸ் கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்கிறவர்களிடம், “நான் ஊருக்கெல்லாம் கூறைச் சாறி குடுக்கிறவள், எனக்கு எடுக்க நேரமில்ல” என்று சிரிப்பாள். புறக்கோட்டைப் புடைவைக்கடை ஒன்றில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்து, நாற்பத்தாறு வயதில் சாறிப் பகுதிக்கே பொறுப்பாக வந்திருந்தாள். நாள் முழுக்க நிற்பாள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியில் விறுவிறென்று ஏறி மேல் தட்டிலிருந்து ஒன்றை இழுத்துப் போடுவாள், அதைத்தான் அவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கடையில் அவளுக்கு இருந்த மரியாதை வீட்டில் இருந்ததா என்று என்னைக் கேட்டால், நான் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நல்லது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்க ஒரு காலைக் கீழே வைத்தாள். சாரதிக்கு என்ன அவசரமோ, பஸ்ஸை எடுத்துவிட்டான். தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். கடை முதலாளி பழங்களோடு வந்து பார்த்துவிட்டு, நடந்து வந்தால் அவள் இடம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவள் வாயில் வேறு பேச்சே இல்லை. நடக்க வேண்டும், ஏணியில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். நகரத்துக்கு வெளியே இருந்த மறுவாழ்வு வார்டில் இரண்டு மாதம் தங்கி, காலையும் மாலையும் பயிற்சி எடுக்கலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய், கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியின் பிசியோ பகுதிக்கு வந்து போகலாம். எதைச் செய்தாலும் முழங்காலை உடனே மடக்கிப் பழக்க வேண்டும், படுத்தே கிடந்தால் இறுகிப் போய்விடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று இரண்டு தரம் சொன்னார்.

புளோறன்ஸ் யோசிக்கவே இல்லை, வார்ட் என்றாள். நாலு மாடி, லிப்ட் கிடையாது, கிழமைக்கு மூன்று தரம் யார் ஏற்றி இறக்குவது? அவள் சொன்னதில் என்ன பிழை? ஆனால் சூசைதாசன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

“கூடப்பிறந்த அக்காவை வார்ட்டில தள்ளிப்போட்டு நான் எப்பிடி வீட்டில சோறு தின்னுறது? நாலு மாடியும் நான் தூக்கிக்கொண்டு போறன் அக்கா. வீட்டுக்கு வாங்க.”

பக்கத்துக் கட்டில்காரி கண்ணைத் துடைத்தாள். நேர்ஸ் துடைத்தாள். நானும்தான் மூக்கைச் சிந்தினேன். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்? புளோறன்ஸ் அவன் தலையைத் தடவி, சரி, வீட்டுக்கே வருகிறேன் என்றாள்.

அந்த வீட்டில் அப்போது இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். றஞ்சிதத்தின் அக்காவுடைய மகன்மார், யாழ்ப்பாணத்தவர்கள். கனடா போவதற்கு வந்து, ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில் மாட்டுப்பட்டுக் கிடந்தார்கள். பொலிஸ் பதிவு இல்லாத தமிழ்ப் பெடியன் அந்த நாளில் கொழும்பில் பிடிபட்டால், எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று தாய் தேடித் திரிய வேண்டும். இவர்களுக்குப் பதிவு இருக்கிறது என்றுதான் புளோறன்ஸிடமும் என்னிடமும் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள். அன்ரி அன்ரி என்று அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள்.

கதிரையில் வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முன் விறாந்தையில் கட்டில் தயாராகப் போட்டிருந்தது. உள் அறைக் கதவுக்கு நேர் குறுக்கே. உள்ளே போக வேண்டுமென்றால் கட்டிலை ஆளோடு இழுத்துத்தான் போக வேண்டும். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, இங்கேதான் காற்று வரும் என்றாள் றஞ்சிதம். அட, எவ்வளவு கரிசனை என்று நினைத்தேன்.

பத்து நாளில் ஒரு விடியற்காலை, அந்தச் சண்டைக்காலத்து வழக்கப்படி, ஆமி, அதாவது ராணுவம் வந்து மாடி மாடியாகச் சோதித்தது. என் வீட்டில் அரிசி வாளியையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். எதிர் வீட்டில் றஞ்சிதம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தகட்டைக் காட்டினாள். வந்த ஆமிக்காரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “பவ், பவ்” என்று சிங்களத்தில் இரக்கப்பட்டு, பூட்ஸ் சத்தம் கேட்காமல் வெளியே போனான். பொம்பிளை படுத்திருக்கிற கட்டிலை இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

பிசியோவுக்குப் போவது மட்டும் நடக்கவில்லை. முதலில் வாடகைக் கார் கிடைக்கவில்லை. அடுத்தது பாதை மூடியிருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம். பிறகு, தானே நேரில் போய்க் கேட்டதாகவும், தையல் இடம் நன்றாக ஆறும் வரை அசைக்கவே வேண்டாம் என்று சொன்னதாகவும் சூசைதாசன் வாய் கூசாமல் சொன்னான். புளோறன்ஸ் அப்படியே நம்பினாள். தம்பி அல்லவா, நம்பாமல் என்ன செய்வாள்.

பிரஷர் மருந்து எடுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள், பஹ்மியா என்னை வழியில் மறித்தாள். எங்களுக்குப் பக்கத்துக் கிராண்ட்பாஸ் பகுதிப் பிள்ளை, அங்கே பிசியோ செய்கிறவள், ஆபரேஷன் முடிந்த கையோடு புளோறன்ஸின் காலைப் பார்த்தவள். அவ ஏன் வரவே இல்லை, மூன்று தரம் திகதி போட்டுக் கொடுத்தோமே, ஒருநாளும் இங்கே வேலைநிறுத்தம் இருக்கவில்லையே, தம்பியைக் கண்ணாலும் காணவில்லையே என்று கேட்டாள். எனக்குத் தலை சுற்றியது, பிரஷரால் அல்ல. மருந்தும் எடுக்காமல் திரும்பி வந்து, மூச்சு வாங்க நாலு மாடியும் ஏறி, செருப்பையும் கழற்றாமல் புளோறன்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். கட்டிலின் நாலு காலையும் பார்த்தாள். பிறகு, தன்னை எழுப்பி உட்கார்த்தச் சொன்னாள். காலைக் கீழே தொங்கப் போட்டால் முழங்கால் மடங்கவில்லை, பலகை போல நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்து அழுதாள். அந்த நேரம் பார்த்துச் சூசைதாசன் உள்ளே வந்தான்.

பூசி மெழுகுவான் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. பெடியன்களின் பதிவு முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் போனால் பிடித்துவிடுவார்கள், சோதனை வந்தால் உள் அறைக்குள்தான் ஒளிக்கிறார்கள், அவர்கள் பிளேன் ஏறின அன்றைக்கே அக்காவைப் பிசியோவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன் என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“நீங்க நடக்கத் தொடங்கினா கட்டிலை எடுக்க வேண்டி வரும், அக்கா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை என்னென்னவோ பேசினேன். அந்த ஆஸ்பத்திரி அழுகை, கையைப் பிடித்தது, சோறு இறங்காது என்றது, எல்லாம் ஒரு கதவை அடைப்பதற்குத்தான் என்று புளோறன்ஸுக்கு விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் திரும்பவும் சோதனை. பூட்ஸ் சத்தம் படியில் கேட்டதும் நான் எதிரே ஓடினேன். புளோறன்ஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு பிள்ளைகளும் லொறியில். ஆமிக்காரன் வாசலுக்கு வந்தபோது அவள் மெல்லச் சரிந்து படுத்தாள், போர்வையை இழுத்துக் காலைத் திறந்து காட்டினாள், வலி தாங்காத மாதிரி முனகினாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

சத்தம் கீழே இறங்கிய பிறகு தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

“சூசை, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே படுத்திருப்பன். ஏன்டா கேக்கேல்ல?”

அவன் குனிந்து, திறந்து கிடந்த காலுக்குப் போர்வையை இழுத்து விட்டான்.

பெடியன்கள் ஒருவழியாகக் கனடாவுக்குப் போகும் வரை அவள் அந்தக் கட்டிலிலேயே படுத்திருந்தாள். அவர்கள் போன அடுத்த நாளே சூசைதாசன் கார் பிடித்தான். சும்மா சொல்லக்கூடாது, இந்தத் தரம் கார் உடனே கிடைத்தது. பஹ்மியா காலை எடுத்து மடக்கிப் பார்த்தாள், கொஞ்சம் போய் நின்றுவிட்டது. கண் கலங்கிப் போய், இனிக் கம்பு பிடித்து நடக்கலாம், ஏணி ஏறுகிற கால் இது இல்லை என்று சொன்னாள். வார்டில் இடம் இருக்கிறது, தங்கினால் இன்னும் கொஞ்சம் மடங்கும், வீட்டிலிருந்து வந்தாலும் பார்க்கலாம் என்றும் சொன்னாள். தினமும் காரில் கூட்டி வருவதாகச் சூசைதாசன் முந்திக்கொண்டான். புளோறன்ஸ் அவன் பக்கம் திரும்பாமலே வார்ட் என்றாள். கடையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்ட செய்தியும் அந்தக் கிழமைதான் வந்தது.

வார்டில் இருந்த காலத்தில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஒருதரம் நான் இருக்கும்போதே சூசைதாசன் வந்தான். றஞ்சிதம் சமைத்துக் கொடுத்த இறால் குழம்பும் சோறும் கொண்டு வந்திருந்தான். புளோறன்ஸ் மறுக்காமல் சாப்பிட்டாள். கட்டிலை உள் அறைக்கே மாற்றிவிட்டதாகவும், இரண்டு மாதமும் முடிகிறது, வீட்டுக்கு வாருங்கள் என்றும் அவன் கெஞ்சினான். அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“இப்ப வீட்டில ஆரும் ஒளிச்சிருக்கினமோ?”

“இல்ல அக்கா. ஒருத்தரும் இல்ல.”

“அப்ப நான் எதுக்கு?”