பேஷன்ஸ் இழுத்து வந்த கப்பல்கள்

ஹெக்டர் கால்பிரெய்த் இரண்டாம் உலகப் போர் முழுக்கக் கடற்படையில் இருந்தான். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. அவன் வேலை செய்த ‘பேஷன்ஸ்’ என்ற இழுவைக் கப்பலில் ஒரு பீரங்கி இருந்தது உண்மைதான். அதன் மேல் சமையல்காரன் துணி உலர்த்துவான். அவர்கள் வேலையே வேறு. டார்பிடோ பட்டு நடுக்கடலில் அநாதையாய் நிற்கும் சரக்குக் கப்பலைத் தேடிப்போய், வடத்தைக் கட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆறு வரை இழுத்து வர வேண்டும். வழியெல்லாம் நீர்மூழ்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வர வேண்டும். பதக்கம் கொடுப்பவர்கள் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் கொடுப்பதில்லை.

காம்பெல்டவுனில் ஹெர்ரிங் மீன் பிடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, வடத்துக்குப் பொறுப்பான போசனாகப் போட்டார்கள். முப்பத்தொரு கப்பல்களை அவன் கட்டினான். பத்தொன்பது கரை சேர்ந்தன.

இழுக்கப்படும் கப்பலின் மாலுமிகள் பெரும்பாலும் முன்பே படகேறிப் போயிருப்பார்கள். அதனால் பேஷன்ஸிலிருந்து மூன்று பேர் அதில் ஏறி, அந்தப் பக்கத்து வடத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மூவருக்குத் தலைவனாக ஒரு முறை ஹெக்டர் போவான், மறுமுறை அவனுக்குக் கீழே வேலை செய்த டூகி போவான். முறைப் பட்டியல் சுவரில் தொங்கும். டூகி என்கிற டூகல்ட் மக்கெக்ரன் ஹெக்டரின் மனைவி எஃபிக்கு ஒரே தம்பி. தாய் செத்த பிறகு அக்காள் வீட்டிலேயே வளர்ந்தவன்.

நாற்பத்து மூன்று பிப்ரவரியில் ஒரு கோதுமைக் கப்பல் கிடைத்தது. மூன்று நாள் புயலில் அதைத் தேடியலைந்த ஹெக்டருக்கு நின்றபடியே கண் சொருகியது.

“டேய் டூகி, என் முறைதான். நீ போறியா? ரெண்டு மணி நேரம் படுக்கலைன்னா செத்துருவேன்.”

“போய்ப் படு மச்சான். உன் மூஞ்சியப் பாத்தா நீர்மூழ்கியே பயந்து திரும்பிப் போயிரும்.”

ஹெக்டர் போய்ப் படுத்தான். சங்கு ஊதும் சத்தத்தில் எழுந்து ஓடியபோது கோதுமைக் கப்பல் மூழ்கத் தொடங்கியிருந்தது. இறுகிய வடம் பேஷன்ஸின் பின்பக்கத்தையும் தண்ணீருக்குள் இழுத்தது. மூன்று முறை சங்கு ஊதியதும் அங்கே இருப்பவர்கள் குதிக்க வேண்டும், அதன் பிறகே கொக்கியைத் தட்டி வடத்தை விட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம்.

“போசன், கொக்கியத் தட்டு!” என்று கேப்டன் கத்தினார்.

“இன்னும் குதிக்கல கேப்டன்!”

“இங்க இருபத்தெட்டு உசுரு இருக்குய்யா! தட்டு!”

ஹெக்டர் சுத்தியலால் தட்டினான். இரண்டு பேரைத் தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கினார்கள். டூகி கிடைக்கவே இல்லை.

கொக்கியைத் தட்டியது தான்தான் என்று வீட்டுக்குப் போனதுமே எஃபியிடம் சொல்லிவிட்டான். அவள் வாரக்கணக்கில் அழுதாள். பிறகு, இருபத்தெட்டுப் பேர் என்று தனக்குத்தானே சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டாள். அன்று யார் முறை என்பதை மட்டும் அவன் மறைத்தான். தெரிந்தால் அவள் தன்னோடு வாழ்வாளா என்ற பயம்தான். தெரிந்த மாலுமிகளும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு போர் முடியும்வரை இரண்டு பேர் முறைக்கும் அவனே ஏறிப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை.

நாற்பத்தாறில் பேஷன்ஸை விற்க முடிவானது. அதற்கு முன் அதன் பணி வரலாற்றை எழுதிவைக்க வேண்டுமாம். சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்லி ஒரு கட்டுத் தாள் வந்தது. உப்புக் காற்றில் ஹெக்டரின் கண் கெட்டுப்போயிருந்ததால் எஃபிதான் வாசித்தாள். கப்பல் பெயர், தேதி, ஏறிப் போனவர்கள். ஒவ்வொன்றுக்கும் அவன் “சரி” என்று சொல்லிக்கொண்டே கஞ்சி குடித்தான்.

“பிப்ரவரி பதினொன்னு. லமான்ட், பிர்னி...” நிறுத்தினாள். “கூட டூகிக்குப் பதிலா உன் பேரைப் போட்டிருக்கான் பாரு, இதை எழுதினவன். செத்தவன் யாருன்னுகூடத் தெரியல, முட்டாப்பய.”

ஒரு ‘ஆமாம்’ போதும், எல்லாம் அதோடு அடங்கிவிடும். ஆனால் மூன்று வருடம் மறைத்து மறைத்து அவன் அலுத்துப்போயிருந்தான்.

“அவன் முட்டாள் இல்ல எஃபி. சுவத்துப் பட்டியலைப் பாத்து எழுதியிருக்கான். அன்னிக்கு என் முறை.”

அவள் தாளை மேஜையில் வைத்தாள்.

“அப்ப டூகி ஏன் போனான்?”

“நான்தான் கேட்டேன். தூக்கம் தாங்கல.”

கஞ்சி ஆறி ஏடு கட்டியது.

“தூங்கினியா?”

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு வந்தது.

“தூங்கினேன். நல்லாவே தூங்கினேன்.”

எஃபி பேனாவை எடுத்து அவன் பெயரை அடித்தாள். மேலே தம்பியின் முழுப் பெயரை, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்து எழுத்தாக எழுதினாள். தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

“கையெழுத்துப் போடு. இனிமே நீ டூகி ரூம்ல படுத்துக்கோ.”