தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

சென்ற ஆண்டு இலங்கையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த சமயம். நான் அப்போதும் இப்போதும் தோஹா தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனி கேம்ப்பில்தான் இருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். என்னோடு ரூமில் இருந்த இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் ஏசி மெக்கானிக். ஒரே கிராமம், சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். வெள்ளிக்கிழமை லீவில் இருவரும் சேர்ந்து தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால், பக்கத்து ரூம் ஆட்கள்கூடத் தட்டோடு வந்து நிற்பார்கள்.

அந்தத் தேர்தல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. ஊரில் பிரதேச சபைக்கு டிரைவரின் மனைவி ஒரு கட்சியில் நின்றார். அதே வட்டாரத்தில், அதாவது வார்டில், மெக்கானிக்கின் தம்பி இன்னொரு கட்சியில் நின்றார். இங்கே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு தனித்தனிச் சட்டியில் சமைத்தார்கள். உப்பு டப்பா எங்கே என்று கேட்கக்கூட என்னைத்தான் தூது விட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அந்த மாதம்தான் விளங்கியது.

முடிவு வந்தது. தம்பி ஜெயித்துவிட்டார். மெக்கானிக் ஆரவாரம் எதுவும் செய்யவில்லை. லட்டு வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். டிரைவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. “விடுங்கண்ணே, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை டிரைவருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. அவருடைய கட்சிக்குப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். அதை அவருக்கே தருகிறார்களாம், சாயந்தரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டிரைவர்தான் விளக்கினார். அங்கே வட்டாரத்தில் அதிக ஓட்டு வாங்கியவர் நேராக உள்ளே போகிறார். மீதி ஓட்டுகளும் குப்பைக்குப் போவதில்லை. சபை முழுவதற்கும் அந்தந்தக் கட்சி வாங்கிய ஓட்டைக் கூட்டிப் பார்த்து, அதன்படியும் சில இடங்கள் கொடுக்கிறார்கள். வட்டாரத்தில் தோற்றவரையும் கட்சி அந்த இடத்துக்கு அனுப்பலாம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “என்னண்ணே இது, எங்க ஊர்ல தோத்தா தோத்ததுதான். இது பின்வாசல் வழியா போற மாதிரில்ல இருக்கு!” என்றேன்.

டிரைவரின் முகம் சுருங்கிவிட்டது. “ஓம் தம்பி, நானும் அதைத்தான் யோசிக்கிறன். தோத்தவள் எண்டு சபையில முகத்துக்கு நேர சொல்லுவாங்கள். வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்” என்று போனை எடுத்தார்.

அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மெக்கானிக் திரும்பினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் தன் கூட்டாளியிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

“மச்சான், கொஞ்சம் நில்லு. என்ர தம்பி வெண்டது எனக்குச் சந்தோசம்தான். ஆனா நாங்கள் மேட்டுப் பக்கம். மாரி மழைக்கு உங்கட ஒழுங்கைத் தெருவில முழங்காலளவு தண்ணி நிக்கிறது அவனுக்கு எங்க தெரியப்போகுது? அந்த ஒழுங்கைச் சனம் முழுக்க உன்ர மனுசிக்குத்தான் போட்டது. அவவும் போகாட்டி அதுகளுக்காக ஆர் கதைக்கிறது?”

டிரைவருக்குக் கண் கலங்கியிருந்தது. மனைவியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அப்படியே மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிட்டார்.

“அக்கா, நான்தான். யோசியாமல் ஓம் எண்டு சொல்லுங்கோ” என்றார் மெக்கானிக்.

அந்தப் பக்கமிருந்து அந்த அக்கா தெளிவாகச் சொன்னார்: “நான் போனால் எங்கட ஒழுங்கைத் தண்ணி ஓட வாய்க்கால் வெட்டச் சொல்லி உங்கட தம்பியோட சண்டை பிடிப்பன். பிறகு குறை சொல்லக்கூடாது.”

“நல்லாப் பிடியுங்கோ அக்கா. அதுக்குத்தானே போறியள்!”

மூவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. யாருக்கு எதிராக அந்தப் பெண் நின்றாரோ, அந்த வீட்டு ஆள் அவருக்காகப் பேசுகிறார். ஒரே ரூமில் சோறு தின்ற நான், அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அக்கா இப்போது சபையில் இருக்கிறார். வாய்க்கால் பாதி வெட்டியிருக்கிறார்கள், மீதிக்கு இன்னும் சண்டை நடக்கிறதாம். அந்தச் சண்டைக் கதையை இங்கே இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்.

நான் கத்தாருக்கு வந்த பிறகு ஓட்டுப் போட ஊருக்குப் போனதே இல்லை, லீவு கிடைக்காது. ஆனாலும் எங்கள் ஊர்த் தேர்தல் முடிவு வந்தால், முன்பு போல ஜெயித்தவர் பெயரைப் பார்த்ததும் போனை மூடிவிடுவதில்லை. தோற்றவருக்கு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன், அவர்களுக்காக இனி யார் பேசுவார்கள் என்று கவலையாக இருக்கிறது.