குறுக்குக் கோடு போட்ட பூஜ்ஜியம்

அவருக்கு ‘நகல்’ என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். வாசல் சாவிக்கு மூன்று நகல், மூக்குக் கண்ணாடிக்கு ஒரு நகல், பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்று பக்கத்து வீட்டு அலமாரியில்கூட உண்டு.

“என்னையும் ஒரு நகல் எடுத்து எங்கயாவது பத்திரமா வெச்சிருப்பீங்களே?” என்று அவள் சீண்டுவாள்.

“உன்ன மாதிரி இன்னொண்ணா? வீடு தாங்காது.”

பயந்த சுபாவம். அந்தப் பயம்தான் சோறு போட்டது. கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதிலும், நாலைந்து டிஸ்க்குகளை ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி எல்லாவற்றிலும் பிரித்து வைக்கும் பெட்டிகள். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவை சேர்ந்து சமாளித்துக்கொள்ளும். இரண்டாவதும் போனால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். அப்படி வாய் மூடிய பெட்டிகள் அவரிடம் வரும்.

கடையில் ஒரே சட்டம்தான்: அசலில் கை வைக்கக் கூடாது. முதலில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நகல், வைத்தியமெல்லாம் நகலுக்குத்தான். டிஸ்க்கை உருவியதும் அதன் பக்கவாட்டில் வரிசை எண்ணை எழுதிவிட வேண்டும். ஊர் உலகம் ஒன்றிலிருந்து எண்ணும். இந்தப் பெட்டிகள் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் கடையிலும் பூஜ்ஜியம்தான் முதல். ஆங்கில ‘ஓ’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று பயந்து அதற்கு ஒரு குறுக்குக் கோடும் இழுப்பார். அப்படி எழுதுகிறவர்கள் கடையில் இரண்டு பேர். அவரும் அவர் தம்பியும்.

தம்பி வேலை போய் வந்து நின்றபோது, மறு பேச்சில்லாமல் கடைப் பலகையில் ‘சகோதரர்கள்’ என்று சேர்த்து எழுதியவர் அவர். யாரையும் நம்பிச் சாவி கொடுக்காத மனிதர், மூன்று நகல்களில் ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தார்.

அந்தப் பெட்டி வந்த நாளில் அவர் மனைவியோடு வெளியூர் போயிருந்தார். கொண்டுவந்தவர் தொண்டை நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரம்மா. தொண்டையில் அறுவை செய்துகொண்டு குரலை இழக்கப்போகிறவர்களை முன்கூட்டியே பேசவைத்துப் பதிவு செய்வது அவர் வழக்கம். பிறகு ஒரு கருவி அந்தக் குரலிலேயே அவர்களுக்காகப் பேசும். அவர்களில் பலருக்கு அறுவை முடிந்துவிட்டது. அந்தக் குரல்கள் இனி அந்தப் பெட்டியில் மட்டும்தான்.

“வெச்ச இடத்துல அப்படியே வெச்சிருக்கேன் அண்ணே. தொடல,” என்றான் தம்பி.

அவர் பெட்டியை இயக்காமல் அதன் மூளைப் பலகையை மட்டும் எழுப்பி, அதில் பதிவாகியிருந்த நடப்புக் குறிப்புகளைப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு டிஸ்க் பல மாதங்களுக்கு முன்பே சத்தமில்லாமல் விலகியிருக்கிறது. அதில் இருப்பது பழைய கதை. இப்போது இரண்டாவது செத்திருக்கிறது. அது சகஜம். ஆனால் யாரோ அந்தப் பழைய டிஸ்க்கை வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிட்டு, ‘மறுபடி கட்டு’ என்று கட்டளை கொடுத்திருக்கிறார்கள். பெட்டியும் பழையதை உண்மை என்று நம்பி, நல்ல டிஸ்க்குகளின் மேல் குப்பையை எழுதிக்கொண்டே போய்ப் பாதியில் நின்றிருக்கிறது.

டாக்டரம்மாவை வரவழைத்தார்.

“போன்லயே சொன்னேனேம்மா, எதையும் அமுக்காதீங்கன்னு.”

“நான் அணைச்சேன், ஒயரைப் பிடுங்கினேன், கொண்டுவந்து குடுத்தேன். அவ்வளவுதான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பெட்டி பொய் சொல்லாதும்மா.”

“கஸ்டமருங்க எப்பவும் இப்படித்தான் அண்ணே,” என்று பின்னாலிருந்து தம்பி ஒத்து ஊதினான். “பயத்துல ரெண்டு பட்டனைத் தட்டிட்டு, நம்ம தலையில கட்டிருவாங்க.”

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். “என் ஆஸ்பத்திரியிலதான் யாரோ கை வெச்சிருக்கணும். விசாரிக்கிறேன்,” என்றார்.

டாக்டரம்மா போனதும் நகல் எடுக்கும் வேலை தொடங்கியது. டிஸ்க்கைத் தட்டிலிருந்து கழற்ற, பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளை எடுத்தார். தகடு விலகியது. அடியில், பளபளத்த உலோகத்தின் மேல், கறுப்பு மையில் ஒரு பூஜ்ஜியம். குறுக்கே ஒரு கோடு.

தான் எழுதியதோ என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். தானே எழுதியிருக்கக் கூடாதா என்று இருந்தது. மற்ற டிஸ்க்குகளைக் கழற்றினார். அவற்றில் எண் இல்லை. ஆனால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த மங்கல் இருந்தது. அவசரத்தில் ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது.

“இங்க வா,” என்றார்.

தம்பி வந்தான், பார்த்தான்.

“நகல் எடுக்கத்தான் அண்ணே கழட்டினேன். முடிய ஒரு நாள் ஆகும்போல இருந்துச்சு, அதான் அசல்லயே கட்டச் சொல்லிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிட்டா, பரவாயில்லையேன்னு உங்க வாயால ஒரு வார்த்த கேக்கலாம்னு... டக்டக்னு சத்தம் வந்ததும் நிறுத்திட்டேன்.”

“அது தப்பு. தப்பு யாரும் பண்ணுவாங்க.” அவர் குரல் உயரவில்லை. “அந்தம்மா இங்கதான் நின்னாங்க. நான் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ என் பக்கத்துல நின்னு ஒத்து ஊதின.”

“பயமா இருந்துச்சு அண்ணே.”

“பயத்தப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?”

அவர் அசல்களை உறையிலிட்டு ஒதுக்கிவிட்டு நகல்களில் உட்கார்ந்தார். பழைய டிஸ்க்கை விலக்கி, செத்ததிலிருந்து கிடைத்தவரை சுரண்டி, துண்டுகளை ஒட்டினார். குப்பை விழாத பகுதி எழுந்தது. யாரோ ஒரு பெரியவர், “தண்ணி குடு,” “விளக்கை அணை,” “தூங்கிட்டியா?” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். குப்பை விழுந்த பகுதியிலிருந்தவர்கள் இரைச்சலாக வந்தார்கள். அது யார் யார் என்று கோப்புகளின் பெயரைப் பார்த்தால் தெரியும். அவர் பார்க்கவில்லை.

போனை எடுத்தபோது தம்பி அருகில் வந்தான். “அண்ணே, பாதிக்கு மேல வந்துருச்சுல்ல. பெட்டி அப்படியேதான் வந்துச்சுன்னு விட்டுருவோமே. அவங்களே ஆஸ்பத்திரியில யாரோன்னுதான் நினைக்கிறாங்க.”

அவர் எண்ணை அழுத்தினார்.

“டாக்டரம்மா, உங்க ஆஸ்பத்திரியில யாரையும் விசாரிக்காதீங்க. கை வெச்சது எங்க கடையில. நான் உங்களப் பேசினது தப்பு. சில குரல் வராது. எதெதுன்னு நீங்க வந்தா உக்காந்து பாத்துரலாம்.”

மறுமுனையிலிருந்து ஒரே கேள்வி வந்தது: யார் கை வைத்தது?

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவருக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது; அவன் பிறந்ததிலிருந்து அவனைக் கூப்பிட்டுப் பழகிய சொல்.

“இங்க வேலை பாக்கிற ஒருத்தர்,” என்றார்.