உரசிய இடம்

நான் வேலை பார்த்த ஃபிளையிங் கிளப்பில் ஒரு பழைய குட்டி விமானம் இருந்தது. அதன் எஞ்சின் மூடி விமானத்தின் உடம்பில் உரசித் தேயாமலிருக்க, மூடியின் விளிம்பில் தோல் பட்டை ஒட்டத் தாராவியிலிருந்து ஒருவர் வருவார். ஒட்டியதைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போவார். விமானம் கிளம்பினால் எங்கள் தலைகள் தானாக நிமிரும். அவர் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்.

"பறக்குறதப் பாக்கவே மாட்டீங்களா அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல போறதப் பாத்து என்ன செய்ய? ஒரசுச்சா இல்லையான்னு எறங்குன பெறவு தடவுனாத்தான தெரியும்" என்றார்.

பிறகு கிளப் அந்த விமானத்தை வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டது. அது ஒரேயடியாகக் கிளம்பிய காலையிலும் அவர்தான் புதுப் பட்டை ஒட்டினார். அன்று டீ கிளாஸோடு எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். விமானம் மறைந்த பிறகும் அவருடைய கட்டைவிரல் கிளாஸின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தது.